நிலா முகத்தை விட்டுவிட்டு வாழ்த்துப்பா எழுதுவது எப்படி

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் சின்னதாக ஒரு அச்சகம் நடத்துகிறேன். 1987-ல், 16 வயதில், ஈய எழுத்துப் பொறுக்கி அச்சுக்கோர்க்கிற பையனாக இந்தத் தொழிலுக்கு வந்தேன். இன்றைக்கு எல்லாமே கம்ப்யூட்டர். கல்யாணக் கார்டு, இறந்தவருக்குச் செய்யும் அடியந்திரச் சடங்குக் கார்டு, கோயில் கொடை நோட்டீஸ் இவற்றோடு வாழ்த்துப்பாவும் அடித்துக் கொடுக்கிறேன். கல்யாணத்துக்கு நண்பர்கள் பணம் போட்டு வாழ்த்துப்பா அச்சடித்து, ஃபிரேம் போட்டு, மண்டபத்தில் மைக்கில் வாசித்துக் கொடுக்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இன்னும் போகவில்லை. வருகிறவர்களில் பாதிப் பேர், "நீங்களே ரெண்டு வரி எழுதிப் போட்டிருங்க அண்ணே" என்பார்கள். அப்படித்தான் நானும் எழுத ஆரம்பித்தேன்.

ஆரம்பத்தில் என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. நிலா முகம், மீன் விழி, முத்துப் பல், கொடி இடை என்று வரிகள் வரிசையாக இருக்கும். பெயரை மட்டும் மாற்றிப் போட்டுக் கொடுப்பேன். சுமார் 20 வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்கு அப்படித்தான் கொடுத்தேன். ஃபிரேம் காய நேரமாகிவிட்டதால் மண்டபத்துக்கு நானே கொண்டுபோனேன். ஒரு பையன் மைக்கில் வாசித்தான். "பாலில் குளித்த பளிங்கு நிறத்தாளே" என்ற வரி வந்தபோது பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மணப்பெண் நல்ல கறுப்பு. அவள் தலையைக் குனிந்து கையிலிருந்த பூச்செண்டின் காம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாசித்து முடிக்கும்வரை தலை நிமிரவில்லை. ஃபிரேமை வாங்கும்போதும் நிமிரவில்லை. அந்த வரியை எழுத்து எழுத்தாக டைப் செய்தவன் நான். அன்று ராத்திரி அந்த நோட்டை அடுப்பில் போட்டேன்.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன். வாழ்த்துப்பாவுக்கு மட்டும் இல்லை, கட்டின மனைவிக்கோ கணவருக்கோ நாலு வரி எழுத நினைக்கிறவர்களுக்கும் இது உதவும்.

எழுத உட்காருமுன் விசாரிக்க வேண்டும். முக்கால்வாசி வேலை இதுதான். எங்கள் மாவட்டத்துத் தேரூரில் 1876-ல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, கவிதை என்பது "தெள்ளத் தெளிந்த தமிழில் உண்மை தெரிந்துரைப்பது" என்றார். அதில் 'தெரிந்து' முதலில் வருகிறது, 'உரைப்பது' பிறகுதான். நான் முன்பு தெரியாமலே உரைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லையே!

என்ன விசாரிப்பது என்பதற்கு எனக்குக் கை கொடுத்தது தொல்காப்பியம். கஷ்டமான நூல் என்று பயப்பட வேண்டாம், ஒரே ஒரு சூத்திரம் போதும். தலைவனுக்கும் தலைவிக்கும் எவையெல்லாம் ஒத்திருக்க வேண்டும் என்று மெய்ப்பாட்டியல் என்ற பகுதியில் தொல்காப்பியர் பத்து சொல்கிறார்: "பிறப்பே குடிமை ஆண்மை ஆண்டொடு உருவு நிறுத்த காம வாயில் நிறையே அருளே உணர்வொடு திரு." உருவு அதில் இருக்கிறது, இல்லாமல் இல்லை. ஆனால் பத்தில் ஒன்று. நம் வாழ்த்துப்பாக்களில் பத்துக்குப் பத்தும் அதுவாகவே இருக்கிறது. தொல்காப்பியத்தைக் கேட்டுச் சரிபார்த்தவர் அதங்கோட்டாசான் என்று அதன் பாயிரம் சொல்கிறது. அந்த அதங்கோடு நம் விளவங்கோட்டுப் பக்கத்து ஊர்தான் என்று இங்கே எல்லோரும் சொல்வோம். எனக்கு அதில் ஒரு பெருமை உண்டு.

பிறப்பு, குடிமை, திரு மூன்றையும் நான் யாரிடமும் கேட்பதில்லை. குலத்தையும் சொத்தையும் கவிதைக்குள் கொண்டுவர எனக்கு மனம் இல்லை. நான் எடுத்துக்கொள்வது நிறை, அருள், உணர்வு என்ற மூன்றை. நிறை என்றால் மனத்தைக் கட்டிக் காப்பது. அருள், பிற உயிர் மேல் உள்ள இரக்கம். உணர்வு, இன்ன இடத்தில் இன்னது செய்யவேண்டும் என்று அறிவது. இப்படிச் சொல்லிக் கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். "ரொம்ப நல்லவ அண்ணே" என்பதோடு முடிந்துவிடும். அதனால் கேள்வியை வேறு மாதிரி போடுவேன். கோபம் வந்த நேரத்தில் அவர் என்ன செய்தார்? யாரும் கேட்காமல் யாருக்காவது ஓடிப்போய் உதவியதைப் பார்த்திருக்கிறாயா? நீ சொல்லாமலே உன் கஷ்டத்தைக் கண்டுபிடித்தது எப்போது? இந்த மூன்றில் ஒன்றுக்காவது பதிலாக ஒரு செயல் கிடைத்துவிடும். குணத்தைச் சொல்லும் வார்த்தையைக் குறித்துக்கொள்ளாதீர்கள். செயலைக் குறித்துக்கொள்ளுங்கள்.

செயல் கிடைத்ததும், அழகைச் சொல்லும் சொற்களை எல்லாம் தூக்கி எறிய வேண்டும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. இரண்டு மூன்று வருஷம் அப்படித்தான் எழுதினேன். எல்லாம் நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி இருந்தன. அதைச் சரிசெய்தது என் கடையில் ஒரு புத்தகம் அச்சடிக்க வந்த, ஓய்வுபெற்ற தமிழ் டீச்சர். ப்ரூஃப் பார்க்க வரும்போதெல்லாம் எனக்கு ஒரு பாட்டு சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்கள் சொன்னதில் குறுந்தொகை 167-ம் பாட்டு என் கண்ணைத் திறந்தது. கூடலூர் கிழார் பாடியது.

"முளிதயிர் பிசைந்த காந்தள் மெல்விரல்
கழுவுறு கலிங்கம் கழாஅது உடீஇக்
குவளை உண்கண் குய்ப்புகை கழுமத்
தான்துழந்து அட்ட தீம்புளிப் பாகர்
இனிதெனக் கணவன் உண்டலின்
நுண்ணிதின் மகிழ்ந்தன்று ஒண்ணுதல் முகனே."

புதிதாகக் குடித்தனம் நடத்தும் பெண் மோர்க்குழம்பு வைக்கிறாள். அவளுக்கும் காந்தள் விரல்தான், குவளைக் கண்தான். என் பழைய நோட்டில் இருந்த அதே சரக்கு. ஆனால் இங்கே அந்தக் காந்தள் விரல் கட்டித்தயிரைப் பிசைகிறது. குவளைக் கண்ணில் தாளிப்புப் புகை ஏறுகிறது. தயிர்க் கையைத் துடைத்த சேலையைத் துவைக்காமலே உடுத்தியிருக்கிறாள். அவன் "இனிது" என்று சாப்பிடுகிறான். கடைசி வரியில்தான் முகம் வருகிறது. அதுவும் அழகாக இருந்தது என்று வரவில்லை, நுண்ணிதாக மகிழ்ந்தது என்று வருகிறது. கூர்ந்து பார்க்கிறவனுக்கு மட்டும் தெரிகிற மகிழ்ச்சி.

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட பாடம்: அழகைச் சொல்லும் சொல்லுக்கு ஒரு வேலை கொடுங்கள். 'மீன் விழி' என்று நிறுத்தாதீர்கள். அந்தக் கண் ராத்திரி 2 மணிவரை எதைப் பார்த்துக்கொண்டிருந்தது? 'மலர்க் கை' என்று எழுதினால் அந்தக் கை எதைத் தூக்கியது, எதைக் கழுவியது, யாருடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்தது? வேலை கொடுக்க முடியாத அழகுச் சொல்லை அடித்துவிடலாம்.

இதே டீச்சர்தான் சிலப்பதிகாரத்தில் இரண்டு இடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கச் சொன்னார்கள். இரண்டாவது காதையில், கல்யாணமான புதிதில் கோவலன் கண்ணகியைப் பாராட்டுகிறான்: "மாசறு பொன்னே, வலம்புரி முத்தே, காசறு விரையே, கரும்பே, தேனே." கல்யாண மேடைகளில் இன்றைக்கும் எடுத்து வாசிக்கிற வரிகள். நானே பத்துத் தடவையாவது அச்சடித்திருப்பேன். அடுத்த காதை முடிவதற்குள் அவன் மாதவி வீட்டில் இருக்கிறான். பொன், முத்து, கரும்பு, தேன் எல்லாம் விலைக்குக் கிடைக்கிற பொருள்கள், அவளைப் பற்றி அவன் ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை என்பார்கள் டீச்சர்.

பிறகு பதினாறாவது, கொலைக்களக் காதை. மதுரைக்கு வெளியே, ஆயர்குலப் பெண் மாதரியின் வீட்டில் கண்ணகி காய் நறுக்கிச் சமைக்கிறாள். மெல்விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, கண் சிவக்கிறது. அவன் சாப்பிட்டு எழுந்தபின் சொல்கிறான்: சொந்தத்தையும் தோழியரையும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு "என்னொடு போந்து ஈங்கு என் துயர் களைந்த பொன்னே!"

மறுபடியும் அதே பொன். முதலில் 'மாசறு' பொன், இப்போது 'என் துயர் களைந்த' பொன். நடுவில் இருப்பது முழுக் கதை. சிலம்பை விற்கப் போனவன் திரும்பி வரவில்லை. அந்தச் சொல்லை அவன் முதல் இரண்டு காதைகளுக்குள்ளேயே சொல்லியிருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சை அடைக்கும். யாராவது வந்து, "மாசறு பொன்னே போட்டிருங்க" என்றால் போட்டுக் கொடுப்பேன், வியாபாரம்தானே. ஆனால் அதன் கீழே இரண்டாவது பொன்னையும் போடட்டுமா என்று கேட்பேன். கணவன் மனைவிக்குக் கொடுக்கிற கார்டு என்றால் கட்டாயம் கேட்பேன்.

இனி ஒரு முக்கியமான எச்சரிக்கை. மன அழகைப் பாராட்டுகிறேன் என்று முக அழகை மட்டம் தட்டி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். "முகம் எப்படி இருந்தால் என்ன, மனம் வெள்ளை" என்று ஒரு பையன் எழுதிக் கொண்டுவந்தான், தன் அக்காவின் கல்யாணத்துக்கு. அன்போடுதான் எழுதியிருந்தான். ஆனால் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் காதில் விழுவது முதல் பாதி மட்டும். "இல்லாவிட்டாலும்", "எப்படி இருந்தாலும்", "ஆனாலும்" இந்த மூன்று சொற்களும் உங்கள் வாழ்த்துப்பாவில் எங்கே இருந்தாலும் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

பாரதிதாசன் எழுதியிருக்கிறாரே என்று கேட்கலாம். குடும்ப விளக்கில், முதியோர் காதல் பகுதியில், கிழவர் தம் மனைவியைப் பற்றிச் சொல்வது:

"புதுமலர் அல்ல, காய்ந்த
புற்கட்டே அவள் உடம்பு!
சதிராடும் நடையாள் அல்லள்
தள்ளாடி விழும் மூதாட்டி
மதியல்ல முகம் அவட்கு
வறள்நிலம்! குழிகள் கண்கள்!
எதுஎனக்கு இன்பம் நல்கும்?
இருக்கின்றாள் என்ப தொன்றே!"

தமிழில் காதலைப் பற்றி இதற்கு மேல் ஒரு பாட்டு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. என் பழைய நோட்டில் இருந்த மலரையும் மதியையும் ஒவ்வொன்றாக எடுத்து, அல்ல, அல்ல என்று கழித்துக்கொண்டே வருகிறார். எல்லாம் கழிந்தபின் 'இருக்கின்றாள்' மிச்சம் இருக்கிறது. ஆனால் பாருங்கள், இதைச் சொல்வது அவளோடு வாழ்ந்து கிழவரானவர். அவருக்கு அந்த உரிமை உண்டு. நண்பன் கல்யாணத்துக்கு 500 ரூபாய் பங்கு போட்டவனுக்கு இல்லை.

நிறத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் தவறியது அதில்தான். டீச்சரிடம் அந்தக் கல்யாணக் கதையைச் சொன்னேன். அவர்கள் குறுந்தொகை 27-ஐ எடுத்துக் காட்டினார்கள். வெள்ளிவீதியார் என்ற பெண்பாற் புலவர் பாடியது. நல்ல பசுவின் பால் கன்றுக்கும் போகாமல் கறவைப் பாத்திரத்திலும் விழாமல் தரையில் சிந்தி வீணானதைப் போல, என் அழகு எனக்கும் ஆகாமல் அவனுக்கும் உதவாமல் பிரிவுத் துயரில் மேனியில் படர்கிற பசலை நிறத்துக்கு இரையாகப் போகிறதே என்று தலைவி அழுகிறாள். அந்த அழகுக்கு அவள் வைக்கும் பெயர் "மாமைக் கவின்". மாமை என்றால் கருமை என்பார்கள், மாந்தளிர் நிறம் என்றும் பொருள் சொல்வார்கள். பளிங்கு நிறம் இல்லை. பால் இந்தப் பாட்டிலும் இருக்கிறது, ஆனால் வெள்ளைத் தோலுக்கு உவமையாக இல்லை, வீணாகிப்போன ஒன்றுக்கு உவமையாக. உடம்பின் அழகை ஆசையோடு சொல்கிற பாட்டுத்தான் இதுவும். ஆனால் அந்த அழகு அவனைச் சேர்ந்தால்தான் அவளுக்கு அழகு.

மாமை என்ற அந்த ஒரு சொல் அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தால்! இப்போது நிறத்தைப் பற்றி எழுதித்தான் ஆகவேண்டும் என்று யாராவது கேட்டால், மாமை என்று எழுதி, கீழே சின்ன எழுத்தில் அர்த்தமும் போட்டுக் கொடுக்கிறேன். கேட்காவிட்டால் நிறத்தைத் தொடுவதே இல்லை.

ஓசையில் மயங்காதீர்கள். இது எதுகை மோனை நன்றாக வருகிறவர்களுக்கு. கம்பராமாயணத்தில் சூர்ப்பணகை அழகியாக வேஷம் போட்டு வருகிற பாட்டைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்: "பஞ்சியொளிர் விஞ்சுகுளிர் பல்லவம் அனுங்க." கால் சலங்கை கட்டி நடப்பது போலவே இருக்கும். கடைசி அடியில் "நஞ்சமென வஞ்சமகள் வந்தாள்" என்று முடிக்கிறார். அத்தனை அழகான ஓசையைக் கம்பர் வஞ்சகிக்குக் கொடுத்தது எதற்காக? நம் காதும் ஏமாறட்டும் என்றுதான் என்று நான் நினைக்கிறேன். உங்கள் பாட்டில் ஒரு வரி ரொம்ப நன்றாகத் துள்ளினால், அதை ஒரு தடவை ஓசை இல்லாமல் பேச்சில் சொல்லிப் பாருங்கள். உண்மையாக இருந்தால் நிற்கும்.

குறளில் இருந்து ஒன்று போடலாமா என்பார்கள். போடலாம். கன்னியாகுமரியில் 133 அடிக்கு வள்ளுவர் நிற்கிற மாவட்டத்தில் வேண்டாம் என்று சொல்வேனா? அந்தச் சிலையில் 38 அடி பீடம் அறத்துப்பால், மேலே 95 அடி பொருளும் இன்பமும். "புறத்துறுப் பெல்லாம் எவன்செய்யும் யாக்கை அகத்துறுப்பு அன்பி லவர்க்கு" என்ற 79-ம் குறள் பீடத்தில் சேரும். நல்ல குறள், ஆனால் கல்யாணத்துக்குக் கொஞ்சம் கண்டிப்பு. நான் போடுவது 1285: "எழுதுங்கால் கோல்காணாக் கண்ணேபோல் கொண்கன் பழிகாணேன் கண்ட இடத்து." கண்ணுக்கு மை எழுதும்போது எழுதுகிற கோலையே கண் காண்பதில்லை. அதுபோல அவனைப் பார்த்த இடத்தில் அவன் குற்றம் தெரிவதில்லை. மை எழுதுவது அலங்காரம்தான். அந்த அலங்காரத்துக்குள்ளேயே மனசைக் காட்டிவிட்டார் வள்ளுவர்.

கடைசியாக நான் எழுதியது ஒன்றைக் காட்டுகிறேன், முறை புரியும். முட்டத்துப் பக்கம் இருந்து ஒரு பையன் வந்தான். அப்பா மீன்பிடிக்கிறவர், அம்மா மீன் விற்கிறவர். கல்யாணமாகி 40 வருஷம், கோயிலில் திருப்பலி, வீட்டில் சாப்பாடு. "அம்மைக்கு ஒரு கவிதை அண்ணே" என்று போனில் ஒன்று எடுத்துக் காட்டினான். நிலவே, மலரே, தேவதையே. "மக்கா, இது உனக்க அம்மையா?" என்று கேட்டேன். பேசாமல் இருந்தான். டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தேன். அப்பா அம்மைக்கு என்ன செய்வாரு? "ஒண்ணும் செய்ய மாட்டாரு, பேசவே மாட்டாரு." காலையில எழுந்து என்ன நடக்கும், வரிசையாகச் சொல்லு. சொல்லிக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நின்றான். அம்மா தலையில் மீன் சருவத்தைத் தூக்கி வைப்பது அப்பாதான். வைக்குமுன் தலையில் இருக்கிற சும்மாட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பார், முடிச்சு மண்டையில் குத்துகிறதா என்று. ஒருநாளும் பார்க்காமல் தூக்கி வைத்ததில்லை. அம்மா? சந்தையில் எவ்வளவு விலைக்குக் கேட்டாலும் ஆறு சாளை மீனை மட்டும் கொடுக்க மாட்டார். அப்பாவுக்கு.

அவனிடம் வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

"விடியுமுன் கரைசேர்ந்து
வலை உதறி நின்றார் அப்பா.
சும்மாட்டின் முடிச்சை
இரு விரலால் அமுக்கிப் பார்த்துத்தான்
சருவத்தை உன் தலையில் வைத்தார்.
சந்தையில் யார் கேட்டும் கொடாமல்
ஆறு சாளை, தேக்கிலையில் பொதிந்து
அவருக்கென்று கொண்டுவந்தாய்.
நாற்பது ஆண்டு, அம்மா.
ஒருநாளும் சரியவில்லை."

பத்து வரி. மைக்கில் வாசிக்க ஒரு நிமிஷம் ஆகாது. அதற்கு மேல் போனால் பந்திக்கு எழுந்துவிடுவார்கள். எழுத்து பெரிதாக, கட்டம் கட்டாமல், பின்னால் ரோஜாப்பூப் படம் இல்லாமல் வையுங்கள். பூப்படத்தின் மேல் அடித்த கவிதையை வயதானவர்களால் படிக்க முடியாது.

ப்ரூஃபை ஆர்டர் கொடுத்தவர் மட்டும் பார்த்தால் போதாது. வீட்டில் யாருக்காவது வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். இந்தப் பையன் அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆச்சரியமாகக் கொடுக்க வேண்டும் என்றுதான் இருந்தான், நான்தான் வற்புறுத்தி வாசிக்க வைத்தேன். மறுநாள் கடை திறக்குமுன் போன் வந்தது. அம்மாவே பேசினார்கள். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லையாம். பிறகு ஒரே ஒரு திருத்தம்தான் சொன்னார்கள்.

"ரெண்டு விரலு இல்ல மக்கா, மூணு. பெருவிரலையும் சேத்துதான் அமுத்துவாரு."

'இரு விரலால்' என்பதை 'மூவிரலால்' என்று மாற்றி அன்றே அச்சுக்குக் கொடுத்தேன்.